தேக்காவின் கதையை யார் சொல்வது?

தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணங்கள் சிங்கப்பூரில் பல உண்டு. டான் டெங் நியா வீட்டின் வண்ணச் சன்னல்கள், பஃபலோ ரோட்டுப் பூக்கடைகள், வீரமாகாளியம்மன் கோயில், கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் என்று அவை வழக்கமாகப் போகும். சுண்ணாம்புக் காளவாயும் மாட்டுக் கொட்டகையும் இருந்த காலத்தையும் சொல்வார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே தெருக்களை நிரப்பும் வெளிநாட்டு ஊழியர்கள் அந்தக் கதையில் பெரும்பாலும் பேச்சில்லாத கூட்டம். பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை நிற்கிறது. புல்தரையில் ஒரே ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறார்கள். ஒருவர் சற்றுத் தள்ளிப் போய், தங்கை கல்யாணச் செலவைப் போனில் கணக்குப் பார்க்கிறார். இன்றைய தேக்கா இதுதான். இதை அவர்களே சொல்ல வேண்டும், சொன்னதற்கு அவர்களுக்கே கூலி கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு ஓரளவு முன்மாதிரி மும்பையின் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்குப் போன நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. அங்கே 2005இல் கிறிஸ் வே என்ற ஆங்கிலேயரும் கிருஷ்ணா பூஜாரி என்பவரும் ரியாலிட்டி டூர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏழ்மையைக் காட்சிப் பொருளாக்கிக் காசு பார்க்கிறார்கள் என்ற ஏச்சு உடனே எழுந்தது. அவர்கள் நடைப்பயணத்தில் கேமராவைத் தடை செய்தார்கள். குடிசையின் அவலத்தை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் மறுசுழற்சி, தோல், மண்பாண்டம் என்று அங்கே நடக்கும் தொழில்களைக் காட்டினார்கள். லாபத்தில் 80 விழுக்காட்டை அங்குள்ள பள்ளிப் படிப்பு, பயிற்சி வேலைகளுக்குத் தருவதாக அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் முதலாளிகள் இரண்டு பேர், தாராவிக்காரர்கள் கூட்டாக நடத்தும் தொழில் அல்ல அது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அங்கேயும் தீரவில்லை.

நம் ஊரிலேயே குடியிருப்பாளர் கதைக்கு மதிப்புக் கிடைத்த இடம் டக்கோட்டா கிரசென்ட். 1958இல் கட்டிய அந்தப் பழைய புளோக்குகளைக் காலி செய்யச் சொல்லி 2014இல் அறிவிப்பு வந்தது. குடியிருந்தவர்களும் ஆர்வலர்களும் நடைப்பயணம் நடத்தினார்கள், நினைவுகளைத் திரட்டினார்கள், திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் நடுவிலுள்ள ஆறு புளோக்குகள் நிற்கும் என்று அரசு அறிவித்தது. கதை சொன்னதால் மட்டுமே அது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதை இல்லாமல் அந்தப் பேச்சே தொடங்கியிருக்காது. இதில் ஒரு வித்தியாசம் உண்டு: அங்கே வாயைத் திறந்தவர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள்.

தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் பேசியிருக்கிறார்கள். 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்து மோதித் தமிழக ஊழியர் ஒருவர் இறந்து, கலவரம் மூண்டபோது விசாரணைக் குழு பேசியது. 2015இல் வார இறுதியில் இங்கே பொது இடத்தில் குடிக்கத் தடை விதித்தபோது சட்டம் பேசியது. கோவிட்டுக்குப் பிறகு 2022இல், விடுதிகளில் தங்கும் வெளிநாட்டு ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியா வரத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று அறிவித்தபோது அமைச்சு பேசியது. சுற்றுப்பயணியோ அதே தெருவுக்கு யாரையும் கேட்காமல் வரலாம்.

சரி, ஓர் ஊழியரே நடைப்பயணம் நடத்தலாமே என்றால், முடியாது. ஊதியம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட இங்கே உரிமம் தேவை. அதற்கும் முன்னால், ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் அதில் குறித்த முதலாளியிடம், குறித்த வேலையை மட்டுமே செய்யலாம். இந்த விதியைக் குறை சொல்வது எளிது. ஆனால் விடுமுறை நாளிலும் அவரைப் பக்கவேலையில் பிழிந்தெடுக்க நினைப்பவர்களுக்கு இதுவே தடை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால் விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. உரிமம் உள்ள வழிகாட்டியுடன் நடந்து, தன் அனுபவத்தைச் சொல்லி, பதிவுபெற்ற அறநிறுவனம் வழியாகச் சன்மானம் வாங்க ஒரு சிறு விலக்குப் போதும். மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பும் வைக்கலாம்.

இந்த ஊழியர்கள் வந்துபோகிறவர்கள், இந்த வட்டாரத்தின் கதை தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களுடையது என்று சிலர் சொல்வார்கள். காளவாய்த் தொழிலாளியும் மாட்டு வியாபாரியும்கூடப் பிழைக்க வந்தவர்கள்தானே? வந்து போனவர்களால் ஆன வட்டாரம் இது. ஊழியரை வேடிக்கைப் பொருளாக்கிவிடும் என்ற கவலை அதைவிடக் கனமானது. மேடை ஏற்றியதும் விபத்து, கடன், ஏஜெண்டு மோசடி என்று சோகத்தை மட்டும் கேட்கிற கூட்டம் வரத்தான் செய்யும். அவருக்கோ ஊர்க் கபடிப் போட்டியையும் தான் ஓட்டும் கிரேனையும் பற்றிப் பேச ஆசையாக இருக்கலாம். எதைச் சொல்வது, எப்போது நிறுத்துவது, படம் எடுக்கலாமா கூடாதா என்பதை அவரே முடிவு செய்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும். இப்போதும் அவரைப் படமெடுத்துப் போகிறார்கள், அவரைக் கேட்காமலே.

நேயர்களே, அடுத்த முறை லிட்டில் இந்தியா நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போது, நடத்துபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தக் கதையை எழுதியது யார்? நான் கட்டும் வெள்ளியில் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருபவர்களுக்கு எவ்வளவு போகிறது?