தோற்கொப்புள நோயும் நம் குழந்தைகளும்

(சேர்வராயன் மலை, ஏற்காட்டில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எமக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் நினைக்கக் கூடும். யாம் பேசவந்தது மருந்தைப் பற்றி மட்டுமன்று. நம் வீட்டுக் கலியாணத்தைப் பற்றியுமாகும்.

இம்மலைத் தோட்டங்களிற் பழுத்த காப்பிப் பழத்தை இரு விரலால் அழுத்தினால், தோல் வழுக்கிக் கழலுவதை அறிவீர்கள். சில குழந்தைகளின் மேனியும் பிறவியிலேயே அத்தன்மைத்து. தூக்கிய கை பட்ட இடத்திலும், அரைஞாண் உராய்ந்த இடத்திலும் கொப்புளம் எழும்; சிலர்க்கு வாயினுள்ளும் எழும். தோலின் அடுக்குகளைப் பிணித்து உறுதியாக்கும் புரதங்களுள் ஒன்று மரபணுக் குறையாற் கெடுவதே காரணம். 1886-ஆம் ஆண்டில் கோப்னர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இதற்கு 'எபிடெர்மோலைசிஸ் புல்லோசா' என்று பெயரிட்டார். அமெரிக்கக் கணக்கின்படி பத்து லட்சம் பிறப்பில் சுமார் 20 குழந்தைகட்கே இது வருகின்றது.

நம்மவர் இதனை அம்மை என்று கருதி வேப்பிலையால் வருடுவர். அவ்வருடலே புதுக் கொப்புளத்தை எழுப்பிவிடும். சிலர் தாயின் முன்வினை என்பர். இரண்டும் பொருந்தா. அம்மை சில நாளில் இறங்கும். இதுவோ உராய்ந்த இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும். பிறர்க்கு ஒட்டுவதுமில்லை; ஆதலின் அப்பிள்ளையைப் பள்ளியில் தனியே அமர்த்துதல் கொடுமை. ஆயினும் பச்சிளங்குழவிக்கு எழும் கொப்புளமெல்லாம் இதுவே எனக் கொள்ளற்க. கிருமியால் வருவனவும் உள. அவற்றிற்குத் தாமதமின்றி மருந்து வேண்டும். எனவே மலையிறங்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிற் சரும வைத்தியரைக் காண்க. புதுக் கொப்புளத்தினருகே சிறு தோற்றுணுக்கு எடுத்து, எவ்வடுக்கிற் பிளவு என்று நுண்ணோக்கியால் அறிவதும், இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்வதும் வகையைத் துணியும் வழிகள்.

முற்றும் போக்கும் மருந்து இன்னும் இல்லை. 2023-இல் ஒரு வகைக்குப் புண்மேல் தடவும் மரபணு மருந்தை அமெரிக்க அரசு அனுமதித்தது. அதன் விலையோ நம் போன்றார்க்கு எட்டாதது. கைக்கு எட்டுவது பராமரிப்பே. கொப்புளத்தைப் பெருகவிடாமல், தூய ஊசியால் ஓரத்திற் குத்தி நீரை வடித்து, மேற்றோலை உரிக்காது விடுக. புண்ணில் ஒட்டாத கட்டுத்துணியை இடுக. பிளாஸ்திரி வேண்டவே வேண்டா. சட்டையைத் தையல் வெளிப்புறமாக இருக்கத் திருப்பி உடுத்துக. அக்குளிற் கைகொடுத்துத் தூக்காமல், பிடரியையும் பிட்டத்தையும் தாங்கி எடுக்க. உணவு ஆறியும் குழைந்தும் இருக்கட்டும். வெயிலும் வேர்வையும் சில வகையை மிகுவிக்கும். அவ்வகையில் இம்மலைவாசிகள் பாக்கியசாலிகள்.

இனிக் கலியாணப் பேச்சு. கடிய வகைகள் பலவற்றில் தாயும் தந்தையும் தாம் நோயின்றியே குறையைச் சுமப்பர். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிற்கும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. தாய்மாமன், அத்தை மகன் என்று குருதி நெருங்கியோரிடத்து ஒரே குறை அமைந்திருத்தல் எளிது. சொத்துச் சிதறாது, பெண் கண்முன் வாழ்வாள் என்னும் நியாயங்களை யாம் அறியாதவரல்லேம். அவற்றினும் குழந்தையின் தோல் பெரிதென்பது எம் துணிபு. சில வகை பெற்றோரில் ஒருவராலேயே வரும். சில புதிதாகவும் தோன்றும். ஆகவே சொந்தத்தில் மணந்தாரையெல்லாம் குற்றஞ்சாட்டலும் ஆகாது. மருமகள் ஒருத்தி தலையிற் பழி சுமத்துதலோ எவ்வாற்றானும் பொருந்தாது.

இத்தகைய குழந்தை பிறந்த வீட்டார் அதன் மரபணுக் குறையை முதலில் துணிந்துகொள்ளல் வேண்டும். அது தெரிந்தால், அடுத்த கருவைத் தொடக்க மாதங்களிலேயே சோதித்தறியலாம். அதற்கு மறு கருவுறுமுன்பே, கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வைத்தியரிடம் செல்க.