கறுத்தம்மா மேல் விழுந்த பழி

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலில் வரும் கறுத்தம்மா, மாற்றானை நினைத்ததால் கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள் என்றே பலர் மனத்தில் பதிந்திருக்கிறாள். 1956இல் மலையாளத்தில் வெளிவந்து, மறு ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல் அது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் வாசகரும் நன்கறிந்தது. ராமு காரியாட்டின் 1965ஆம் ஆண்டுத் திரைப்படம் அவளை இன்னும் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஆனால் கதை நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்தப் பழி நிலைப்பதில்லை.

கடலில் இருப்பவனின் உயிரைக் கரையில் இருக்கும் மனைவியின் கற்பே காக்கிறது, அவள் நெறி தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள் என்பது நாவலில் வரும் மீனவரின் நம்பிக்கை. தாய் சக்கி மகளுக்கு இதைச் சொல்லியே வளர்க்கிறாள். இந்த நம்பிக்கைக்குச் சாட்சி தேவையில்லை. ஆண் செத்தால் பெண் குற்றவாளி; அவன் திரும்பி வந்தாலும் அவள் நிரபராதி ஆகிவிடுவதில்லை, தண்டனை தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அம்பலப்புழையில் வக்கீலாக இருந்த தகழிக்கு இப்படியொரு விசாரணையின் விபரீதம் புரியாமல் இருந்திருக்காது.

நாவலில் உண்மையான குற்றம் ஒன்று உண்டு. அது கடன். தகப்பன் செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்க, சிறு வியாபாரியான பரீக்குட்டியின் முதலைப் பெற்றுக்கொள்கிறான். தோணி வந்த பிறகு வாக்களித்தபடி மீனும் தரவில்லை, பணமும் திரும்பவில்லை. பரீக்குட்டி நொடித்துப்போகிறான். தோணி வாங்கப் பணம் தருவாயா என்று விளையாட்டாக முதலில் கேட்டவள் கறுத்தம்மா. அதனாலேயே அந்தக் கடனைத் தன் கடனாக எண்ணி, அடைத்துவிடும்படி வீட்டில் மன்றாடுகிறவளும் அவளே. அவளுடைய காதலைப் பற்றி விமரிசகர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள்; இந்த நேர்மைக்கு அதில் பாதி கவனம்கூடக் கிடைக்கவில்லை. முஸ்லிமான பரீக்குட்டியை மணக்க வழியில்லை என்று அறிந்து, திருக்குன்னப்புழையைச் சேர்ந்த அநாதையான பழனிக்கு அவள் வாழ்க்கைப்படுகிறாள். உண்மையாகவே குடும்பம் நடத்துகிறாள், ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகிறாள்.

அவதூறு அவளுக்கு முன்பே அந்த ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சக்கி இறந்த செய்தியைச் சொல்லப் பரீக்குட்டி வந்ததும் வலுக்கிறது. பழனியோடு கடலுக்குப் போகிறவர்கள் அவனைத் தோணியிலிருந்து விலக்குகிறார்கள். அவர்களை வெறும் வம்பர்கள் என்று ஒதுக்க முடியாது. ஒருவன் மனைவியின் பிழையால் ஒரு தோணியே கவிழும் என்று நம்புகிறவர்களுக்கு அது தங்கள் உயிர்ப் பிரச்சினை. துடுப்பில் கைதேர்ந்தவனான பழனி, சிறு தோணியில் தன்னந்தனியாகத் தூண்டில் போடும் நிலைக்கு இறங்குவது இப்படித்தான்.

கடைசி இரவைப் படிக்க வேண்டியது இந்தப் பின்னணியில். அக்காவும் தங்கை பஞ்சமியும் பரீக்குட்டியைப் பற்றிப் பேசுவது காதில் விழ, பழனி கலங்கிய மனத்தோடு கடலுக்குப் போகிறான். பெரிய சுறா ஒன்று தூண்டிலில் மாட்டி அவனை இழுத்துச் செல்கிறது. அதே இரவில் பரீக்குட்டி வருகிறான், கறுத்தம்மா அவனிடம் போகிறாள். இரண்டும் அடுத்தடுத்துச் சொல்லப்படுவதால் ஒன்று மற்றொன்றின் விளைவு போலத் தோன்றுகிறது. ஆனால் அவள் வாசலைத் தாண்டும்போது பழனி ஏற்கெனவே கடலில் இருக்கிறான், உதவிக்குக் கூட ஓர் ஆள் இல்லாமல். அந்த ஆளை இல்லாமல் செய்தது ஊர்.

அந்த இரவுக்குப் பிறகு அவளைக் களங்கமற்றவள் என்று எல்லாரும் சொல்லமாட்டார்கள். பரீக்குட்டியிடம் போனது அவளே எடுத்த முடிவு. அதற்கு அவள்தான் பொறுப்பு. கணவனின் சாவு வேறு கணக்கு. தகழி முடிவில் தொன்மத்துக்கே இடம் கொடுத்துவிட்டார் என்ற குறை நியாயமானது. ‘தோட்டியின் மகன்’ போன்ற யதார்த்த நாவலை எழுதியவரிடம் அது வியப்பாகவும் இருக்கிறது. எனினும் அந்தத் தொன்மத்தை மறுப்பதற்கான சான்றுகளை முந்தைய அத்தியாயங்களில் அடுக்கி வைத்தவரும் அவர்தான். செம்பன்குஞ்சின் பேராசையையும் தோணிக்காரர்களின் விலக்கையும் விட்டுவிட்டால், பழனி ஏன் தனியாகக் கடலில் இருந்தான் என்பதற்கு நாவலில் வேறு காரணம் கிடைக்காது.