3 மில்லிமீட்டர் பித்தளை

இன்னைக்கு எபிசோடுக்கு துப்பாக்கியைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. நானும் தொட்டதில்ல, எல்லாம் படிச்சதுதான். ஆனா பழைய வெர்ஷன் உடையாம புதுசை ரிலீஸ் பண்ணணும்னு ராத்திரி கண்ணு முழிச்சவங்க இதைக் கேட்கணும்.

ஆள் பேரு எல்மர் கீத். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம், மலைக்காடு. மாட்டுப்பண்ணை, வேட்டை, பத்திரிகைக்கு துப்பாக்கிக் கட்டுரைன்னு வாழ்ந்தவர். குதிரை சைஸ் இருக்கும் எல்க் மானை, இடுப்பில் தொங்குற ரிவால்வராலயே வீழ்த்தணும். அதுதான் அவர் ஆசை. கடைத் தோட்டாவுக்கு அந்த பலம் கிடையாது. அதனால் தானே தயாரிச்சார்.

இதுக்குப் பேரு ஹேண்ட்லோடிங். சுட்டு முடிச்ச பித்தளைக் குப்பியை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் வச்சு, மருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக் குண்டை அழுத்தி, வாயை இறுக்கணும். கீத் முதலில் .45 கோல்ட்டில் முயற்சி பண்ணி துப்பாக்கியே வெடிச்சது. அப்புறம் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். துளை கொஞ்சம் சின்னது, அதனால் சிலிண்டர் சுவர் கொஞ்சம் தடிமன். அதில் 16 கிராம் குண்டை நொடிக்கு 1,200 அடி வேகத்தில் தள்ளினார். இதையே கம்பெனிகள் தயாரிச்சு விக்கணும்னு வருஷக்கணக்கா எழுதிக்கிட்டே இருந்தார்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. .44 ஸ்பெஷல் 1907லேயே வந்துடுச்சு. தாத்தா காலத்துத் துப்பாக்கி எத்தனையோ வீட்டு அலமாரியில் கிடக்கும். கீத் தோட்டா வெளியே பாக்க அச்சு அசல் பழசு மாதிரியே இருக்கும், அதுக்குள்ள அழகா உட்காரும். சுட்டா என்ன ஆகும்?

1955 கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மேக்னம் கொண்டுவந்தாங்க. குப்பி நீளம் 1.16 அங்குலத்திலிருந்து 1.285 ஆச்சு. கூடினது 3 மில்லிமீட்டர். மருந்துக்கு இடம் பத்தலைன்னு இல்லைங்க, கீத்தோட மருந்து சின்னக் குப்பியிலேயே அடங்கிச்சு. அந்த 3 மில்லிமீட்டர், பழைய துப்பாக்கிக்குள்ள போகாம இருக்கத்தான். போட்டா முழுசா இறங்காது, சிலிண்டர் மூடாது. ஆனா பழைய தோட்டா புதுத் துப்பாக்கியில் ஓடும். இன்னைக்கு ஸ்பெஷலுக்கு அழுத்த வரம்பு 15,500 பிஎஸ்ஐ, மேக்னத்துக்கு 36,000. அவ்வளவு பெரிய வித்தியாசத்தை எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டாம, வடிவத்தாலயே தடுத்துட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது.

ஆனா ஹேண்ட்லோடிங் பண்றவர் இந்தத் தடையைத் தாண்டிடலாம். ஸ்பெஷல் குப்பியில் மேக்னம் அளவு மருந்தை இன்னைக்கும் கொட்டலாம். அப்போ காவல், டப்பா மேல அவர் எழுதுற சீட்டு மட்டும்தான். அவர் செத்த பிறகு பேரன் அந்த டப்பாவைத் திறந்தா? அதனாலதான் அடுத்தவர் தயாரிச்ச தோட்டாவைச் சுடாதேன்னு அந்த உலகத்தில் திரும்பத் திரும்பச் சொல்றாங்க.

சரி, வேட்டைக்கு வருவோம். .44ல அந்தக் குண்டு ஏறக்குறைய 1,100 ஜூல். சாதாரண .30-06 வேட்டை ரைஃபிள் 3,900 பக்கம். சக்தி கால்வாசிதான், அதனால கிட்டப் போகணும். கீத் 600 கஜ தூரத்தில், காயம்பட்ட மானைச் சுட்டு வீழ்த்தினதா எழுதினார். அதைப் பத்தி சண்டை இன்னும் ஓயலை. உண்மையாவே இருக்கட்டும், பின்பற்ற வேண்டிய விஷயமில்லன்னுதான் நான் சொல்வேன். குறி தப்பி வயித்துல குண்டு வாங்கின மிருகம் ஓடிப்போய் எங்கேயோ மணிக்கணக்கா சாகும்.

இன்னொரு ஆபத்து, குப்பி வாயைச் சரியா இறுக்காதது. சுடும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கும். சிலிண்டர்ல மிச்சமிருக்கிற தோட்டாக்களில் குண்டு மெல்ல மெல்ல முன்னாடி நகரும். நீட்டிக்கிட்டா சிலிண்டர் சுத்தாது. முதல் குண்டு கரடி தோள்ல, ரெண்டாவதுக்கு விசை அழுத்தினா துப்பாக்கி சிக்கிக்கிட்டு நிக்கும். யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு அனுபவசாலிங்க பண்ற டெஸ்ட் ரொம்ப எளிமை. ஆறு தோட்டா போடுவாங்க, அஞ்சு சுடுவாங்க. ஆறாவதைச் சுடாம வெளியே எடுத்து, காலிப்பர்ல நீளம் பாப்பாங்க. முன்னாடி எடுத்த அளவைவிட நீண்டிருந்தா, அந்த பேட்ச் காட்டுக்குப் போகாது.