நாமளும் ரயில்ல, நம்ம காரும் அதே ரயில்ல: முடியுமா?

போன வாரம் வந்த ஒரு மெயில்லேருந்து இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன். அனுப்பினவர் பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார், அதனால தம்பின்னே சொல்றேன். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். 5 வருஷமா குருகிராம்ல வேலை. இப்போ அம்மாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் தஞ்சாவூர்ல டயாலிசிஸ். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கம்பெனியில பேசி வீட்லேருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கிட்டார். மனுஷன் ஊர் திரும்புறதுக்கு டிக்கெட் போட்டாச்சு. கேள்வி என்னன்னா: "அண்ணா, நான் வர்ற ரயில்லயே என் காரையும் ஏத்த முடியுமா? காசு ஆனாலும் பரவாயில்ல. ஊருக்குப் போன மறுநாளே அம்மாவைக் கூட்டிட்டுப் போக கார் வேணும்."

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். ஒரத்தநாட்டுக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூர்லேருந்து பட்டுக்கோட்டைக்கு ஒரத்தநாடு வழியா லைன் போடணும்ங்கிறது எங்க அப்பா காலத்துலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கிற கோரிக்கை. தஞ்சாவூர் ஸ்டேஷன்ல இறங்கினா இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல ரோட்ல போகணும், அதுக்கப்புறம் கிராமத்துக்கு உள்ள. டயாலிசிஸ் முடிச்சு சோர்ந்து வர்றவங்களை டவுன் பஸ்ல நிக்க வச்சுக் கூட்டிட்டு வர முடியாது. தம்பி கேட்கிறது சொகுசுக்காக இல்ல, புரியுது.

நேரா பதில்: டெல்லியிலேருந்து தமிழ்நாட்டுக்கு, நீங்க உட்கார்ந்து வர்ற ரயில்லயே உங்க காரையும் ஏத்திட்டு வர்ற சேவை இன்னைக்குக் கிடையாது. ஆனா இந்தியாவுல அப்படி ஒண்ணு நடந்திருக்கு. அது ஏன் இங்க வரலைன்னு பார்த்தா தம்பி அடுத்து என்ன செய்யணும்ங்கிறதும் தெரியும்.

2025 விநாயகர் சதுர்த்தி. மும்பையில இருக்கிற கொங்கண்காரங்க மொத்தமா ஊருக்குக் கிளம்புற நேரம். நமக்குப் பொங்கல் மாதிரி. நாம பெருங்களத்தூர்ல நிக்கிற மாதிரி அவங்க மும்பை-கோவா ரோட்ல நிப்பாங்க. கொங்கண் ரயில்வே லாரிகளை அப்படியே தட்டையான வேகன் மேல ஏத்திக் கொண்டுபோற 'ரோ-ரோ' சேவையை 1999லேருந்தே நடத்துது. லாரி ஏறுது, ரயில் போகுது, அந்தப் பக்கம் லாரி இறங்கி ஓடுது. அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தாங்க. மகாராஷ்டிராவுல கோலாட், கோவாவுல வெர்ணா, இந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல, ஆகஸ்ட் 23 தொடங்கி செப்டம்பர் இரண்டாவது வாரம் வரைக்கும்.

ஒரு காருக்கு 7,875 ரூபாய். 20 வேகன், வேகனுக்கு ரெண்டு கார், மொத்தம் 40 கார். கார்ல உட்கார்ந்துக்கிட்டுப் போக முடியாது. அதே ரயில்ல சேர்த்த பயணிகள் பெட்டியில ஏறிக்கணும், மூணாவது ஏசின்னா 935 ரூபாய், சாதாரண உட்காரும் இடம்னா 190. ஒரு காருக்கு அதிகபட்சம் 3 பேர். மதியம் 2 மணிக்குள்ள ஸ்டேஷனுக்கு வந்துடணும், சாயங்காலம் 5 மணிக்கு ரயில், காலையில 5 மணிக்கு வெர்ணா. குறைஞ்சது 16 காராவது சேரலைன்னா அன்னைக்கு ரயில் ரத்து.

கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு, இல்லையா? செய்தி வந்த அன்னைக்கு எங்க ஆபீஸ் குரூப்ல பத்துப் பேராவது ஷேர் பண்ணினாங்க. ஆனா எதிர்பார்த்த கூட்டம் வரலை. ஏன்னு கணக்குப் போட்டாத் தெரியும்.

மூணு பேர் இருக்கிற குடும்பம். ரெண்டு பேர் ஏசி, ஒருத்தர் உட்காரும் பெட்டி. 7,875 கூட 1,870 கூட 190. மொத்தம் 9,935. ஒரு வழிக்கு மட்டும். கோலாட் மும்பைக்குள்ள இல்ல, நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. அதாவது நெரிசல்ல மாட்டி, மூணு நாலு மணி நேரம் ஓட்டி, அதுக்கப்புறம் மூணு மணி நேரம் காத்திருந்து, 12 மணி நேரம் ரயில்ல போகணும். அந்த நேரத்துக்கு ரோட்லயே போயிருந்தா கோவாவுல குளிச்சுச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம். அப்புறம் அந்த 3 பேர் கணக்கு. பண்டிகைக்கு ஊருக்குப் போற கார்ல எங்கங்க 3 பேர்? நம்ம ஊர்ல எடுத்துக்கோங்க, அஞ்சு பேரு, மடியில ஒரு குழந்தை, திரும்பி வர்றப்போ டிக்கியில அரிசி மூட்டை, தேங்காய், அப்பத்தா கட்டிக்கொடுத்த முறுக்கு டின். மூணு பேர்னா நாலாவது ஆள் பஸ்ல வரணும்.

இப்போ ரயில்வே பக்கத்திலேருந்து பாருங்க. இது எனக்குப் பிடிச்ச பகுதி. 40 காரும் ஏறினாக்கூட கார் கட்டணம் மொத்தம் 3,15,000 ரூபாய். 16 கார்தான்னா 1,26,000. இதுல எஞ்சின், டிரைவர், கார்டு, தண்டவாள நேரம் எல்லாம் வரணும். தஞ்சாவூர் ஸ்டேஷன்ல நெல் மூட்டை ஏத்துறதைப் பார்த்திருக்கீங்களா? கொள்முதல் நிலையத்துலேருந்து லாரி லாரியா வந்து, ஒரே ரயில்ல 2,000 டன் அரவைக்கு வேற மாவட்டம் போகும். ஒரு மூடின வேகன்ல சுமார் 60 டன் வரை ஏத்தலாம். அதே நீளத்துக்கு ஒரு வேகன்ல ரெண்டு கார் நிறுத்தினா எடை மூணு டன் கூட வராது. மிச்சம் எல்லாம் காத்து. காத்துக்கு யாரும் வாடகை கொடுக்க மாட்டாங்க. ரயிலோட பலமே கனத்தை இழுக்கிறதுலதான். கார் ஏத்துறப்போ அந்தப் பலம் வீணாப் போகுது.

அப்போ இது உலகத்துல எங்கயுமே ஓடலையா? ஓடுது. அமெரிக்காவுல ஆம்ட்ராக் நடத்துற 'ஆட்டோ ட்ரெயின்'. வாஷிங்டன் பக்கத்துல லார்ட்டன், ஃபுளோரிடாவுல ஆர்லாண்டோ பக்கத்துல சான்ஃபோர்டு. நடுவுல பயணிகள் ஏறி இறங்க ஒரு ஸ்டேஷன் கிடையாது. கிட்டத்தட்ட 1,375 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். முதல்ல 1971ல ஒரு தனியார் கம்பெனி ஆரம்பிச்சது, 1981ல நொடிச்சுப் போச்சு. 1983ல ஆம்ட்ராக் எடுத்து ஓட்ட ஆரம்பிச்சது, இன்னைக்கும் ஓடுது. காரை மூடின ரெண்டு மூணு அடுக்கு வேகன்ல ஏத்துவாங்க. கதவுல ஒரு நம்பர் ஒட்டுவாங்க, இறங்கின பிறகு அந்த நம்பரைக் கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கணும்.

அங்க அது நிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. குளிர்காலம் முழுக்க ஃபுளோரிடாவுல போய்த் தங்குற வயசான ஜோடிங்கதான் பெரிய வாடிக்கை. மாசக்கணக்குல தங்குறதால அங்க சொந்தக் கார் வேணும். 1,400 கிலோமீட்டர் ஓட்ட உடம்பு ஒத்துழைக்காது. கார்ல ரெண்டே பேர். தூரம், தங்குற காலம், வயசு, மூணும் பொருந்துது. சென்னையிலேருந்து மூணு நாள் பொங்கலுக்கு ஒரத்தநாடு போற நமக்கு இதுல ஒண்ணுமே பொருந்தாது. ரோட்ல 350 கிலோமீட்டர் சொச்சம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னு வச்சா 24 லிட்டர் பெட்ரோல். அதுக்கு யார் எட்டாயிரம் கொடுத்து ரயில்ல ஏத்துவா? அதனால சென்னை-தஞ்சாவூர் கார் ரயில் விடணும்னு யாராவது கோரிக்கை வச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன். உழவன்ல இன்னும் ரெண்டு பெட்டி சேருங்கன்னு கேட்டா உடனே போடுவேன்.

சின்னதா ஒரு கிளைக்கதை. ஒரத்தநாட்ல சரபோஜி மன்னர் கட்டின முத்தாம்பாள் சத்திரம் இருக்கே, அது ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்த சத்திரம். அந்த ராமேஸ்வரத்துக்கு 1988 வரைக்கும் ரோடே கிடையாது, தெரியுமா? 1914ல வந்த பாம்பன் ரயில் பாலம் மட்டும்தான். 1988 அக்டோபர்ல ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் கார்ல வந்தவங்க மண்டபத்தோட நிறுத்திட்டு ரயில் ஏறணும். தீவுக்குள்ள ஒரு கார் போகணும்னா ரயில் வேகன்லயோ படகுலயோதான் போயாகணும். அங்க காரை ரயில்ல ஏத்துறதுக்குக் காரணம் சொகுசோ நெரிசலோ இல்ல. ரோடு இல்ல, அவ்வளவுதான். ரோடு வந்த நாள்லேருந்து அந்தத் தேவையும் போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். தமிழ்நாட்டுக் கார்கள் ரயில்ல போகாம இல்ல, தினமும் போகுது. வாலாஜாபாத் ஸ்டேஷன்ல பார்த்திருப்பீங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து தொழிற்சாலைகள்லேருந்து வர்ற புதுக் கார்களை வரிசையா ஓட்டி ரயிலுக்குள்ள ஏத்துவாங்க. பழைய பயணிகள் பெட்டியில சீட்டெல்லாம் கழட்டி, ஜன்னலை அடைச்சு, கடைசியில கதவு வச்சு மாத்தின பெட்டிகளும் அதுல உண்டு. அதாவது ஏத்துற சாய்தளம், வேகன், கட்டுற முறை எல்லாம் நம்மகிட்ட இருக்கு. ஆனா அது கம்பெனிக்கு, ரயில் முழுக்க மொத்தமா. தனி ஆள் ஒரே ஒரு காரோட போய் நின்னா அங்க கவுண்டர் கிடையாது.

டூவீலரா இருந்தா கதை வேற. புல்லட்டோ ஸ்கூட்டியோ, உங்ககிட்ட டிக்கெட் இருந்தா அதே ரயில்ல லக்கேஜா புக் பண்ணலாம். டிக்கெட் இல்லாம பார்சலாவும் அனுப்பலாம். ஆர்சி, இன்சூரன்ஸ், அடையாள அட்டை நகல் எடுத்துட்டு பார்சல் ஆபீஸ் போங்க. டேங்க்ல ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. சாக்கு, வைக்கோல் வச்சுக் கட்டுறதுக்கு வாசல்லயே ஆள் இருப்பாங்க. கண்ணாடியைக் கழட்டி பையில வச்சுக்கோங்க. நீங்க போற ரயில்லயே வண்டியும் ஏறும்ங்கிறது உறுதி இல்ல, இடம் இருந்தாத்தான். அதனால ரயில் கிளம்புற இடத்துலேருந்து முடியுற இடம் வரைக்கும் புக் பண்றது நல்லது. நடு ஸ்டேஷன்ல ரெண்டு நிமிஷம் நிக்கிற ரயில்லேருந்து பைக்கை இறக்குறது லேசான வேலை இல்ல. எழும்பூர்லேருந்து உழவன்ல போட்டா அது தஞ்சாவூரோட முடியுது. வந்த பிறகு எடுக்காம விட்டா மணிக்கணக்குல வாடகை ஏறும், அதையும் நினைவுல வச்சுக்கோங்க.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஓட்டிட்டு வர்றது. ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம், திருச்சி. தனியா ஓட்டினா நாலு நாள். லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலும் பெட்ரோல் மட்டும் 17,000 கிட்ட, டோல், தங்குற செலவு தனி. அம்மா நினைப்புல, தூக்கம் கெட்டு, அவசரமா ஓட்டுற ஓட்டம் இது. நான் வேண்டாம்னுதான் சொல்வேன். வெள்ளிக்கிழமை லாக்-அவுட் பண்ணிட்டு ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு ஓட்டுற நம்ம ஆளுங்க எத்தனை பேர் விடியக்காலை 4 மணிக்குக் கண்ணசந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியாததா.

ரெண்டாவது, கார் ஏத்துற டிரெய்லர் லாரியில அனுப்புறது. இதைத்தான் செய்யச் சொல்றேன். ஆனா நீங்க கிளம்புறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே அனுப்பிடுங்க, குருகிராம்ல மெட்ரோ இருக்கு, சமாளிச்சுக்கலாம். ஏத்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் வீடியோ, ஓடோமீட்டர் போட்டோ எடுத்து வையுங்க. என் நண்பனோட கார் வந்து இறங்கினப்போ மீட்டர் 80 கிலோமீட்டர் கூடியிருந்தது. யார் எங்க ஓட்டினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. போக்குவரத்துக் காப்பீடு இருக்கான்னு எழுத்துல கேளுங்க. கார் ஒரத்தநாடு வரைக்கும் வருமா, இல்ல திருச்சியோட இறக்கிடுவாங்களான்னும் முன்னாடியே பேசிடுங்க. நிறைய பேர் பெரிய ஊரோட நிறுத்திடுவாங்க.

முக்கியமா, ஹரியானா நம்பர். வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா மறுபதிவு பண்ணணும். அதுக்கு அங்க இருக்கிற ஆர்டிஓகிட்ட தடையில்லாச் சான்று வாங்கணும். கடன் இருந்தா பேங்க்ல அவங்க சம்மதக் கடிதமும் வேணும். இதெல்லாம் அங்க இருக்கிறப்பவே முடிச்சுட்டு வாங்க, ஒரத்தநாட்ல உட்கார்ந்துக்கிட்டு ஹரியானாவுக்கு போன் அடிச்சு எதையும் முடிக்க முடியாது. இங்க தமிழ்நாட்டு சாலை வரி கட்டணும், வண்டியோட வயசைப் பொறுத்துக் குறையும். கார் பழசா இருந்தா லாரி வாடகை, வரி ரெண்டையும் கூட்டிப் பாருங்க. அங்கயே வித்துட்டு தஞ்சாவூர்ல ஒரு பழைய கார் வாங்குறது மலிவா முடியலாம். பல பேர் இந்தக் கணக்கைப் போடுறதே இல்ல, கார் மேல உள்ள பாசம்.

கார் வந்து சேர்ற வரைக்கும் முதல் சில வாரத்துக்கு, ஊர்ல தெரிஞ்ச ஒரு டாக்ஸிக்காரர்கிட்ட வாரத்துக்கு மூணு நாள், போக வரன்னு மாசக் கணக்கா பேசிடுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நாலு மணி நேரம் காத்திருக்கணும்னு முதல்லயே சொல்லிப் பேசுங்க தம்பி, பின்னாடி சண்டை வராது. அப்பாவுக்கும் அவர் நம்பரைச் சேவ் பண்ணிக் கொடுத்துடுங்க.

டயாலிசிஸ் இருக்கிற வீட்ல முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுக்கு விவரம் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன், அடுத்த எபிசோட் அதுதான். பார்ப்போம்.