சூரைச் செடியின் அடியில்



அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில், இறைவாக்கினர் எலியா ஒரு சூரைச் செடியின் அடியில் துவண்டு கிடக்கிறார். கார்மேல் மலையில் வெற்றி கண்டவர், இப்போது சாவு வந்தால் போதும் என்று மன்றாடுகிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விடுகிறார். வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் தருகிறார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுக்கிறார். மறுபடியும் எழுப்பி உணவு. ஓரேபு மலைப் பயணமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் பகுதியின் செவிலிய மாணவியரை நினைக்கும்போது நமக்கு இந்தப் பகுதிதான் மனத்தில் வருகிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் காலத்தில், 1909இல், வேலூரில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946இல் சி.எம்.சி.யில் பட்டப்படிப்பும் வந்தது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கிற பெற்றோர் பலருக்கு, மகள் நர்ஸ் ஆவது பெரிய கனவு. டிப்ளமோ என்றால் மூன்று ஆண்டு, பி.எஸ்சி. என்றால் நான்கு ஆண்டு. நகை அடகுக்குப் போகிறது. அந்த நகையின் கனம் மகளுக்குத் தெரியும். அதனால்தான் போனில், "நல்லா இருக்கேன்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

அவளுக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோதான். தமிழில் படித்து வந்தவள் கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம். காலையில் வார்டு, மதியம் வகுப்பு. நேற்று வரை அவள் கஞ்சி ஊட்டிய பாட்டியின் கட்டில் இன்று காலி. அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவதும் அவள் வேலையே. அழ நேரமில்லை, நாளைக்குத் தேர்வு.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு மே 12 அன்று மேடையில் கிடைப்பது தியாகம், சேவை, விளக்கேந்திய நைட்டிங்கேல் என்ற பேச்சு. அவை நல்ல சொற்கள்தான். ஆனால் தூக்கமில்லாதவளுக்குத் தியாகத்தைப் பற்றிச் சொன்னால், தன் களைப்பே குற்றம் என்று அவள் எடுத்துக்கொள்வாள். மனச்சோர்வு பாவமல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. எலியாவுக்கே வந்தது.

பெற்றோரே, போனில் மார்க்கைப் பிறகு கேளுங்கள். சாப்பிட்டாளா, தூங்கினாளா, வார்டில் யாராவது இறந்தார்களா என்று முதலில் கேளுங்கள். பதில் வராமல் அழுகை வந்தால் போனை வைத்துவிடாதீர்கள். பாரம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. எந்த நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். பயிற்சிப் பள்ளி நடத்தும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இரவுப் பணி முடிந்து வரும் பிள்ளையைக் காலைச் செபத்துக்குக்கூட எழுப்ப வேண்டாம்.

பங்கு மக்களுக்கும் வேலை உண்டு. ஞாயிறு திருப்பலிக்கு விடுதியிலிருந்து வரும் பிள்ளைகளில் ஒருத்தியை, இருவரை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துப் போங்கள். ஆம்பூர்ப் பக்கத்து மக்களுக்குப் பிரியாணி போடச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாப்பிட்ட பிறகு அவளைக் கொஞ்ச நேரம் தூங்க விடுங்கள். "பி.பி. பார்த்துச் சொல்லும்மா" என்று யாரும் கையை நீட்ட வேண்டாம்.