பட்டாளத்து டாக்டரும் கோவில் பூசாரியும்

(தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமி உண்டா இல்லையா என்பதல்ல. பட்டாளத்தில் சேரப் போகும் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும், அந்த உடம்பைக் கெடுக்கும் தொத்து நோய்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்றே வந்திருக்கிறோம். இதில் சாமியும் பூசாரியும் குறுக்கே வந்தால் அது நம்முடைய குற்றமல்ல.

நம் ஜில்லாப் பிள்ளைகளில் பலர் விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடுவதைப் பார்க்கிறோம். 2022 முதல் அக்னிவீர் என்ற பெயரில் ஆள் எடுக்கிறார்கள். நம் மாவட்டம் கோயமுத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. எழுத்துப் பரீட்சை, ஓட்டம், அளவு எல்லாம் தாண்டிய பிறகு கடைசியில் டாக்டர் நிற்கிறார். அவர் சாதி கேட்பதில்லை, ராசி கேட்பதில்லை. கண்ணைப் பார்க்கிறார், காதைப் பார்க்கிறார், மார்புக்குப் படம் எடுக்கிறார். அந்த இடத்தில் எந்தக் குலதெய்வமும் சிபார்சுக்கு வருவதில்லை.

பிறப்பைக் கேட்டுப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த காலமும் உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் பட்டாளத்துக்குத் தளபதியாயிருந்து, பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியான ராபர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர், சில ஜாதியார்தான் பிறவியிலேயே வீரர்கள், சென்னை ராஜதானிக்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். தமிழனுக்குப் பட்டாளக் கதவு குறுகிப் போயிற்று. பம்பாய்ப் பக்கம் மகார் வகுப்பாரைச் சேர்ப்பதையும் 1890களில் நிறுத்தினார்கள். அண்ணல் அம்பேத்கரின் தகப்பனார் பட்டாளத்தில் இருந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வருணாசிரமத்தைக் கப்பலேறி வந்தவனும் கற்றுக்கொண்டான் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பெயர்? பிறகு இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டவுடன், லாயக்கில்லாத அதே தமிழன் லாயக்குள்ளவனாகிவிட்டான்! ஆகையால் பிறப்பைக் கேட்காமல் நுரையீரலைக் கேட்கிற டாக்டரைக் கண்டு நாம் கோபிக்க வேண்டியதில்லை.

டாக்டர் ஏன் இவ்வளவு நுணுகிப் பார்க்கிறார்? யுத்தத்தில் சாகிறவர்கள் குண்டடி பட்டுத்தான் சாகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கு வேறு விதமாயிருக்கிறது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் மாண்ட ஏறக்குறைய 22,000 பிரிட்டிஷ் சிப்பாய்களில் 13,000 பேருக்கு மேல் நோயினால் மாண்டவர்கள். அதில் பெரும்பங்கு டைபாய்டு என்கிற குடல் காய்ச்சல். அதற்கு ஆல்ம்ரோத் ரைட் என்பவர் கண்டுபிடித்த ஊசி அப்போதே இருந்தது. போட்டுக்கொள்வது அவரவர் இஷ்டம் என்று விட்டதால் மிகச் சிலரே போட்டுக்கொண்டார்கள். வெள்ளைக்காரனுக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பர்மாச் சண்டைக் கதை இன்னும் வேடிக்கையானது. 1943இல் காயம்பட்டு முனையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவனுக்கும் 120 பேர் நோயாளிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்று அங்கே படை நடத்திய ஜெனரல் ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியா! அதற்கு மெபாக்ரின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்றால் தோல் மஞ்சளாகும். உடனே, இதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று எவனோ கிளப்பிவிட்டான். சிப்பாய்கள் மாத்திரையைத் துப்பிவிட்டார்கள். ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா? யாகம் வளர்க்கவில்லை. திடீர் திடீரென்று படைப்பிரிவுகளில் ஆட்களுடைய ரத்தத்தைச் சோதித்து, மாத்திரை தின்னாதவர்கள் அதிகமாயிருந்த பிரிவின் அதிகாரியை வேலையிலிருந்து நீக்கினார். மூன்று அதிகாரிகளை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது. காய்ச்சலும் குறைந்துகொண்டே வந்தது. அந்த மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897இல் செகந்திராபாத்தில் கண்டு சொன்ன ரொனால்டு ராஸ் என்பவரும் பட்டாள வைத்தியர்தான்.

இனி நம் மாரியம்மன் விஷயத்துக்கு வருவோம். பெரியம்மைக்கு நம் ஜனங்கள் நோய் என்று கூடப் பெயர் வைக்கவில்லை. “அம்மா வந்திருக்கிறாள்” என்றார்கள். வந்தவளை மருந்து கொடுத்து விரட்டலாமா? ஆகையால் வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, வைத்தியனை வாசலோடு நிறுத்தி, பிள்ளையைச் சாகக் கொடுத்தார்கள். பிழைத்தவன் கண் போய், முகமெல்லாம் குழியோடு நின்றான். இங்கிலாந்தில் ஜென்னர் 1796இல் மாட்டம்மைப் பாலைக் கொண்டு தடுப்பு கண்டார். 1802இலேயே அந்தப் பால் பம்பாய் வந்து அங்கிருந்து சென்னைக்கும் வந்துவிட்டது. கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட் இந்த அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பட்டாளத்தில் ஒளிய முடியாது. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன், ஜென்னருக்கு முந்திய பழைய அம்மை குத்தும் முறையைக் கொண்டே 1777இல் தன் படை முழுவதற்கும் போடச் சொன்னார். 1870இல் பிரஷ்யாவுக்கும் பிரான்சுக்கும் யுத்தம் நடந்தபோது, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அம்மை குத்திக்கொண்ட பிரஷ்யப் படையில் பெரியம்மையால் மாண்டவர்கள் சில நூறு பேர்; அப்படிச் செய்யாத பிரெஞ்சுப் படையில் பல ஆயிரம் பேர். இரண்டு படைக்கும் சாமி ஒரே சாமிதான்.

முடிவு என்னவாயிற்று? இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975 மே மாதத்தில் வந்தது. உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஐம்பது வயதைத் தாண்டிய தோழர்கள் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தால் அந்த வடு தெரியும். நமக்கு அது கிடையாது. நம் தோளிலிருப்பது காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. வடுதான். ஆத்தாள் கோபித்துக்கொண்டு திரும்பி வரவில்லை. பூசாரி மட்டும் திருவிழா நடத்திக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

தோழர்களே! நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது காசநோயைப் பற்றி. இந்தப் பக்கத்து இளைஞர் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். பெயர் வேண்டாம். பதினாறு வயதில் அவருக்கு விடாத இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பு மெலிந்துவிட்டது. யாரோ செய்வினை என்றார்கள். ஒரு மந்திரவாதி தகடு எடுத்தான். கிடா வெட்டினார்கள். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. சளியில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மருந்து தின்றார், குணமாகிவிட்டது. பிறகு இரண்டு வருஷம் ஓடிப் பழகி, பரீட்சை தேறி, ஓட்டத்திலும் முன்னால் வந்தார். மார்புப் படத்தில் நுரையீரல் வடு தெரிந்தது. தள்ளிவிட்டார்கள்.

அந்தத் தாயார் நம்மிடம், “சாமி குத்தம் இன்னும் தீரலையாங்க?” என்று கேட்டார்கள். நமக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாள் மீதல்ல.

கிருமி 1882இல் ராபர்ட் கோக் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது நுரையீரலை அரிக்கிறது. எத்தனை நாள் விடுகிறோமோ அத்தனை தூரம் அரிக்கும். மருந்து கிருமியைக் கொல்லும். அரித்த இடத்தைப் புதிதாக்காது, அங்கே வடு நிற்கும். பட்டாளத்தில் அதிகாரிகளை எடுப்பதற்கான மருத்துவ விதிகளைப் படித்துப் பார்த்தோம். காசநோய் ஒரு முறை வந்தாலே கதவு அடைத்தது என்று அதில் இல்லை. சிகிச்சை முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகி, நுரையீரலில் சொல்லும்படியான மிச்சம் எதுவும் இல்லையானால், மேற்கொண்டு சில பரிசோதனைகள் செய்து எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது. படத்தில் வடு இருந்தால்தான் தள்ளுபடி. அந்த வடுவில் எவ்வளவு கிருமி செய்தது, எவ்வளவு அந்த ஐந்து மாதம் செய்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? முதல் மாதத்திலேயே சளியைக் கொடுத்திருந்தால் வடு இல்லாமலே தப்பியிருக்கக்கூடும். மந்திரவாதி வாங்கிய பணம் போகட்டும், அதைவிடப் பெரியது அந்த ஐந்து மாதம்.

டாக்டர் தள்ளுவதும் தண்டனையல்ல. ஒரே கொட்டகையில் பல பேர் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற இடத்தில், பழைய நோய் ஒருவனுக்குத் திரும்பினால் எல்லோருக்கும் ஆபத்து. ஊரில் வேறு வேலை செய்ய அவருக்கு ஒரு தடையும் இல்லை. பெண் கொடுக்கவும் தடை இல்லை. இதைச் சொல்லக் காரணம், அவருக்குப் பேசி வைத்த சம்பந்தம் நின்றுபோயிருக்கிறது.

நோயை மறைத்துவிடு என்று சில புரோக்கர்கள் காசு வாங்கிக்கொண்டு யோசனை சொல்லுகிறார்களாம். படத்தை மறைக்க எந்தப் புரோக்கராலும் முடியாது. முடிவு தப்பென்று தோன்றினால் குறித்த நாட்களுக்குள் பட்டாள ஆஸ்பத்திரியில் நிபுணரிடம் மறுபரிசோதனை கேட்க வழி இருக்கிறது. அதற்குப் பூசாரியும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம்.

இன்னொன்று. காசநோய் வந்தவனை வீட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்கிறவர்களுக்குச் சொல்லுகிறோம். 1956இல் சென்னையில் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையத்தில், சானடோரியத்தில் வைத்து வைத்தியம் செய்தவர்களையும், ஏழைக் குடிசைகளிலேயே வைத்து மருந்து கொடுத்தவர்களையும் ஒத்துப் பார்த்தார்கள். இருவரும் ஏறக்குறைய ஒன்று போலவே குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொத்தவும் இல்லை. உலகம் முழுவதும் வீட்டு வைத்தியத்துக்கு மாறியது நம் சென்னைக் குடிசைகளில் கிடைத்த அந்த முடிவைக் கொண்டுதான். திருப்பதிக்குப் போய்க் கிடைத்ததல்ல!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். நடுவில் உடம்பு தேறிவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமியாக அது திரும்பும்.

அந்த இளைஞரின் தங்கைக்குப் போன மாதம் இருமல் வந்தது. இந்தத் தடவை மந்திரவாதி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பதினாறாம் நாளே அண்ணன் கூட்டிக்கொண்டு போய்ச் சளியைக் கொடுத்தார். காசநோய்தான். படத்தில் இன்னும் பெரிதாக ஒன்றுமில்லையாம். மருந்து ஆரம்பித்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. தாயாரும் அதோ அந்த வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.