பனி உலரட்டும், பிறகு மேயட்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஆடு வளர்க்கும் நேயர்களுக்கு இன்று ஒரு தகவல்.

காலையில் ஆட்டுக் கொட்டகையைக் கூட்டும்போது புழுக்கையைக் கொஞ்சம் கவனியுங்கள். வேகவைத்த அரிசிமணி போல வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா? அது சோறு அல்ல. நாடாப்புழுவின் துண்டு.

இந்தப் புழு ஆட்டுக்குள் எப்படிப் போகிறது? மண்ணில் கண்ணுக்கு எளிதில் படாத சிற்றுண்ணி இருக்கிறது. அது புழுக்கையோடு மண்ணில் விழுந்த புழுமுட்டையைத் தின்னும். பனி படர்ந்த அதிகாலையில் புல் மேல் ஏறும். அந்தப் புல்லை ஆடு மேயும். புல்லோடு உண்ணியும் போகும். உண்ணியோடு புழுவும் போகும்.

புழுக்கையில் துண்டு கண்ணில் படவில்லை என்பதால் புழு இல்லை என்று ஆகிவிடாது.

அதிகம் வாடுவது குட்டிகள்தான். வயிறு உப்பும், கழியும், வளர்ச்சி குன்றும். ஒரே இடத்தில் தினமும் மேய்த்தால் ஆபத்து கூடும்.

என்ன செய்யலாம்? பனி உலர்ந்த பிறகு மேயவிடுங்கள். மேய்ச்சல் இடத்தை மாற்றுங்கள். கொஞ்சம் புழுக்கையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். எடைக்கு ஏற்ற மருந்தை மருத்துவர் சொல்வார். கைக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

மறக்க வேண்டாம்: பனி உலரட்டும், பிறகு மேயட்டும்.